வீட்டில் என்னென்ன இருக்கிறது? கம்ப்யூட்டரில் போடுங்கள் ஒரு கணக்கு

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இதை வைத்து வீட்டுக்கு உபயோகமாக என்ன செய்யலாம்?" என்பதுதான். கடிதம் டைப் செய்யலாம், பாட்டு கேட்கலாம், பிள்ளைகள் படிக்கலாம் என்று நானும் வழக்கமான பதிலைச் சொல்லிக் கொண்டிருந்தேன். 2024 டிசம்பருக்குப் பிறகு என் பதில் மாறிவிட்டது. முதல் வேலையாக உங்கள் வீட்டில் உள்ள பொருட்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள் என்கிறேன். ஏன் என்பதற்கு என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில். விமான நிலையம் இருக்கும் பகுதி என்பதால் மேடான இடம் என்று பெயர். ஆனால் எல்லாத் தெருவும் மேட்டில் இல்லை. எங்கள் தெரு சரிவில் இருக்கிறது. மேலே பெய்வது எல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தபோது காற்றுதான் எதிரி. மரங்கள் விழுந்தன, ஓடுகள் பறந்தன; வீட்டுக்குள் இருந்த பொருட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தைரியத்தில் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோதும் ஜன்னல்களை மட்டும் அடைத்துவிட்டுப் படுத்தோம். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் கொட்டிய மழை சுமார் 46 செ.மீ. கிருஷ்ணா நகரில் ராணுவத்தினர் வந்து மக்களை மீட்க வேண்டியதாயிற்று. எங்கள் ஹாலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர்.

அரசு ரேஷன் கார்டு ஒன்றுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அதற்குப் பட்டியல் எதுவும் தேவையில்லை. கார்டு இருந்தால் போதும். ஆனால் எங்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கியில் எடுக்கச் சொன்ன இன்சூரன்ஸ் பாலிசி. அது கட்டடத்துக்கு மட்டும் என்றே நினைத்திருந்தேன். எடுத்துப் படித்துப் பார்த்தால், வீட்டில் உள்ள பொருட்களுக்கும் சேர்த்தே இருந்தது!

சில நாட்களில் சர்வேயர் வந்தார். நல்ல மனிதர். நாற்காலி கூட இல்லாமல் நின்றபடியே, "என்னென்ன போச்சு சார்? லிஸ்ட் கொடுங்க" என்றார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ என்று பத்து பொருள் சொல்வதற்குள் வாய் அடைத்துப் போனது. நனைந்த மெத்தைகளையும் அட்டைப் பெட்டிகளையும் நாற்றம் தாங்காமல் ஏற்கெனவே குப்பை லாரியில் ஏற்றிவிட்டிருந்தோம். மனைவியும் நானும் அன்று இரவு உட்கார்ந்து யோசித்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதியது மொத்தம் 23 பொருட்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மேலே துணி போட்டு மூடி மேஜை மாதிரி பயன்படுத்தி வந்த தையல் மெஷின். கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியில் அம்மாவின் பட்டுப் புடவைகள். டிரில்லிங் மெஷின். இரண்டு ஷெல்ப் நிறையப் புத்தகங்கள். 2025 செப்டம்பரில் நவராத்திரிக்குப் படி கட்டும்போதுதான் மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்த கொலு பொம்மைப் பெட்டி இல்லை என்பதே தெரிந்தது. அதையும் யாரோ லாரியில் ஏற்றியிருக்கிறோம். அம்மா வருடத்துக்கு ஒன்றாக வாங்கிச் சேர்த்த பொம்மைகள். அத்தனை மாதமாக அவை போனது கூட எங்களுக்குத் தெரியவில்லை. க்ளெய்ம் எப்போதோ முடிந்துவிட்டது.

இதில் சொல்லவே வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கும் நான், வீட்டு பில்களை எல்லாம் ஒழுங்காக ஸ்கேன் செய்து ஒரு போல்டரில் வைத்திருந்தேன். அந்த கம்ப்யூட்டரின் சி.பி.யு. மேஜைக்கு அடியில், தரையில் இருந்தது. பொருட்களோடு பில்களும் சேர்ந்து மூழ்கின.

எனவே இந்தப் பாடத்தில் இரண்டு வேலை. முதலாவது பட்டியல் போடுவது. இரண்டாவது, அந்தப் பட்டியலை வீட்டுக்கு வெளியே வைப்பது. இரண்டாவதைச் செய்யாவிட்டால் முதலாவது வீண்.

பாலிசியை முதலில் படியுங்கள்

கம்ப்யூட்டர் பக்கத்தில் இன்சூரன்ஸ் பாடமா என்று கேட்காதீர்கள். என்ன எழுத வேண்டும் என்பதே இதை வைத்துத்தான்.

இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசி நடைமுறையில் இருக்கிறது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற ஒழுங்குமுறை ஆணையம் கொண்டு வந்தது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். தீ, இடி மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்றவை இதில் அடங்கும். கட்டடத்தை இன்சூர் செய்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே கவர் உண்டு; அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். அதாவது கட்டடம் 30 லட்சம் என்றால் பொருட்களுக்கு 6 லட்சம். கட்டடம் 60 லட்சம் என்றால் கணக்குப்படி 12 லட்சம் வரும், ஆனால் கிடைப்பது 10 லட்சம்தான். இதற்கு மேல் வேண்டுமானால் பொருட்களின் விவரம் கொடுத்துத் தொகையைக் கூட்டிக் கொள்ளலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். இந்த இரண்டுக்குமே பட்டியல் தேவைப்படும் என்பதைக் கவனியுங்கள்.

நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம் போன்றவை இந்தப் பொது கணக்கில் வராது. விருப்பப்பட்டால் தனியாகச் சேர்க்க வேண்டும். மொத்தம் 5 லட்சத்துக்கு மேலோ, ஒரே பொருள் ஒரு லட்சத்துக்கு மேலோ போனால் மதிப்பீட்டாளரின் சான்றிதழும் கேட்பார்கள். ரொக்கப் பணம், பத்திரங்கள், வாகனங்கள் ஆகியவற்றுக்குக் கவர் கிடையாது. திருட்டு விஷயத்தில் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். புயல், வெள்ளம் போன்ற சம்பவத்தை ஒட்டி 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் இதில் இடம். ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை உடைத்தால் அதற்கு வேறு பாலிசி வேண்டும்.

பழைய பாலிசிகளில் இன்னொரு சிக்கல் இருந்தது. 4 லட்சம் பெறுமானமுள்ள பொருட்களை 2 லட்சத்துக்கு இன்சூர் செய்துவிட்டு, 1 லட்சம் நஷ்டம் என்று போனால் பாதிதான் கொடுப்பார்கள். பாரத் க்ருஹ ரக்ஷாவில் அந்தக் கழிவு நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பாலிசித் தொகைதான் உச்சவரம்பு. உங்கள் வீட்டில் எவ்வளவு பெறுமானத்துக்குப் பொருள் இருக்கிறது என்று தெரியாமல் அந்தத் தொகை போதுமா, போதாதா என்று எப்படி முடிவு செய்வீர்கள்?

முதலில் செல்போன், பிறகுதான் கம்ப்யூட்டர்

பட்டியலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். நான் வெள்ளைத்தாளில் செய்த தவறு அதுதான். செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் கதவிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு அறையிலும் கதவுக்கு இடப்பக்கச் சுவரில் ஆரம்பித்து, சுற்றி வந்து அதே கதவில் முடியுங்கள். முதலில் வீடியோ. பீரோ, அலமாரி, சமையலறை ஷெல்ப் எல்லாவற்றையும் திறந்து காட்டி, "இது மிக்சி, 2022-ல் வாங்கியது" என்று வாயாலும் சொல்லிக்கொண்டே எடுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். பட்டியல் டைப் செய்யும்போது உங்களுக்கு அந்தக் குரல்தான் கைகொடுக்கும்.

அடுத்து விலை உயர்ந்த பொருட்களுக்குத் தனித்தனி போட்டோ. ஒன்று முழுப் பொருள், இன்னொன்று பின்னாலோ அடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அந்த ஸ்டிக்கரில்தான் இருக்கும். பிரிட்ஜில் பெரும்பாலும் கதவைத் திறந்தால் உள்பக்கச் சுவரில் இருக்கும். லேப்டாப்பைத் திருப்பினால் அடியில். செல்போனுக்கு *#06# என்று டயல் செய்தால் அதன் ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும்.

நகைகளுக்கு ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். கிராம், 916 முத்திரை ஆகியவற்றோடு ஹால்மார்க்கின் 6 இலக்க எச்.யு.ஐ.டி. எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் முதல் கடைகளில் இந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. அந்த எண் நகைக்கு நகை மாறும் என்பதால், "என்னுடையது இதுதான்" என்று சொல்ல அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

பில்களையும் இப்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். கடைகளில் வழவழப்பான தாளில் வரும் பில் வெப்பத்தால் அச்சாவது. ஒன்றிரண்டு வருடத்தில் எழுத்து மங்கி வெள்ளைத்தாளாகிவிடும். என்னிடம் அப்படி நான்கு 'வெள்ளை பில்கள்' இருந்தன. ஆன்லைனில் வாங்கிய பொருட்களுக்குக் கவலை இல்லை. அந்தத் தளத்தில் உங்கள் பழைய ஆர்டர்கள் பக்கத்துக்குப் போனால் இன்வாய்ஸை பி.டி.எப். பைலாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். பில்லே இல்லாத பொருட்களை விட்டுவிட வேண்டாம். போட்டோ இருக்கிறதே, எழுதுங்கள். பழைய கல்யாண ஆல்பத்தில் சீர்வரிசை வைத்திருக்கும் படம் இருந்தால் அதுவும் ஒரு ஆதாரம்தான்!

படங்களை கம்ப்யூட்டருக்கு மாற்றுவது

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, நியூ, போல்டர் என்று தேர்ந்தெடுத்து, 'வீட்டுப் பட்டியல்' என்று பெயர் கொடுங்கள். அதைத் திறந்து உள்ளே அறைக்கு ஒன்றாக போல்டர்கள்: ஹால், சமையலறை, படுக்கையறை, மாடி. 'பில்கள்' என்று இன்னொன்று.

தமிழில் டைப் செய்ய வேண்டும் என்றால் விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் திறந்து, 'டைம் அண்ட் லாங்வேஜ்' பிரிவில் 'லாங்வேஜ் அண்ட் ரீஜன்' சென்று தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் 99, போனடிக் என்று கீபோர்டு வகைகள் கிடைக்கும். பிறகு விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும்.

செல்போனை கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணையுங்கள். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் சார்ஜ் மட்டும் ஏறும்; கம்ப்யூட்டரில் படங்கள் தெரியாது. பயப்படாதீர்கள். போனில் மேலிருந்து கீழே இழுத்தால் வரும் அறிவிப்பில் யு.எஸ்.பி. என்ற வரியைத் தொட்டு, 'பைல் டிரான்ஸ்பர்' என்று மாற்றுங்கள். இனி கம்ப்யூட்டரில் 'திஸ் பிசி' திறந்தால் உங்கள் போனின் பெயர் தெரியும். உள்ளே இன்டர்னல் ஸ்டோரேஜ், டி.சி.ஐ.எம்., கேமரா என்று போய், படங்களை அந்தந்த அறையின் போல்டருக்குக் காப்பி செய்யுங்கள்.

கேமரா வைக்கும் பெயர்கள் வெறும் எண்களாக இருக்கும். ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற வேண்டாம். ஹால் போல்டரில் எல்லாப் படங்களையும் கண்ட்ரோல் + ஏ அழுத்தித் தேர்ந்தெடுங்கள். எப் 2 கீயை அழுத்தி, 'ஹால்' என்று டைப் செய்து எண்டர் தட்டுங்கள். ஹால் (1), ஹால் (2), ஹால் (3) என்று அனைத்தும் வரிசையாகப் பெயர் மாறிவிடும்.

ஒரு எச்சரிக்கை. படங்களை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி கம்ப்யூட்டரில் எடுத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ஸ்டிக்கரில் உள்ள சின்ன எண்களைப் படிக்க முடியாது. வேறு வழி இல்லை என்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.

இப்போது ஒர்க் ஷீட்

எக்ஸெல் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கி, அதிலுள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இந்த வேலைக்கு இரண்டும் ஒன்றுதான்.

புதிய ஒர்க் ஷீட்டின் முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: எண், அறை, பொருள், கம்பெனியும் மாடலும், சீரியல் எண், வாங்கிய ஆண்டு, வாங்கிய விலை, இன்றைய விலை, பில் உண்டா, போட்டோ. அவ்வளவுதான். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் படிவங்களில் 25 தலைப்புகள் வரை இருக்கின்றன. அதைப் பார்த்தால் பாதியிலேயே விட்டுவிடுவீர்கள்.

டைப் செய்யத் தொடங்கும் முன் ஒரு வேலை முக்கியம். சீரியல் எண்ணுக்கான நெட்டு வரிசையின் தலையில் கிளிக் செய்து முழுவதையும் தேர்ந்தெடுத்து, அதன் வடிவத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். எக்ஸெலில் ஹோம் டேப்பில் 'ஜெனரல்' என்று தெரியும் பெட்டியை விரித்தால் கடைசியில் டெக்ஸ்ட் இருக்கும். இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? நீளமான எண்ணை எக்ஸெல் ஒரு கணக்கு எண் என்று நினைத்து, புள்ளி வைத்துச் சுருக்கிக் காட்டும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணாக இருந்தால் அந்தப் பூஜ்யத்தைத் தின்றுவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதி இலக்கங்களை எல்லாம் 0 ஆக்கிவிடும். போன எண் திரும்ப வராது. ஆகவே முதலில் டெக்ஸ்ட், பிறகு எண்.

'இன்றைய விலை' என்பது அதே தரத்தில் ஒரு பொருளை இன்று கடையில் புதிதாக வாங்க ஆகும் விலை. 2009-ல் 9,000 ரூபாய்க்கு வாங்கிய மரக் கட்டிலை இன்று அந்த விலைக்கு யார் தருவார்கள்? பாலிசித் தொகையை முடிவு செய்ய இந்த விலைதான் உதவும். கூட்டி எழுதாதீர்கள், சர்வேயர்கள் தினமும் இதையே பார்ப்பவர்கள்.

எவர்சில்வர் டம்ளரை ஒவ்வொன்றாக எண்ண வேண்டுமா? வேண்டாம். பாத்திரக் கடையில் நமக்கு எப்படி விற்கிறார்களோ, அப்படியே எழுதுங்கள். எவர்சில்வர் பாத்திரங்கள் சுமார் 14 கிலோ, பித்தளை 6 கிலோ என்று எடை போட்டு ஒரே வரியில் முடிக்கலாம். சாதாரணப் புடவைகள், சட்டைகளுக்கு எண்ணிக்கை போதும். பட்டுப் புடவை மட்டும் தனித்தனி வரி, தனித்தனி போட்டோ.

ஒவ்வொரு வரியிலும் அறையின் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரு வரியில் 'சமையலறை', அடுத்ததில் 'கிச்சன்' என்று இருந்தால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு அறைகள். 'போட்டோ' கட்டத்தில் 'ஹால் (7)' என்று படத்தின் பெயரை மட்டும் டைப் செய்தால் போதும். படத்துக்கு லிங்க் கொடுக்கலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் போல்டரை வேறு இடத்துக்கு மாற்றினால் லிங்க் அறுந்துவிடும். பெயர் அறுந்து போவதில்லை.

முடிந்ததும் 'இன்றைய விலை' வரிசையின் கடைசிக்கு அடுத்த கட்டத்தில் கர்சரை வைத்து, 'ஆட்டோ சம்' பட்டனை அழுத்தி எண்டர் தட்டுங்கள். பட்டனில் கிரேக்க எழுத்தான சிக்மா இருக்கும். மொத்தத் தொகை வந்துவிடும். அறைவாரியாகப் பார்க்க, தலைப்பு வரிசையில் கிளிக் செய்து டேட்டா மெனுவில் பில்டர் (கால்க்கில் ஆட்டோபில்டர்) தேர்ந்தெடுங்கள். தலைப்புகளில் சின்ன அம்புக்குறிகள் தோன்றும். 'அறை' என்பதன் அம்பைக் கிளிக் செய்து 'சமையலறை' மட்டும் டிக் செய்தால் மற்றவை மறைந்துவிடும். இப்போது விலைகளை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால், திரையின் அடியில் உள்ள பட்டையில் கூட்டுத்தொகை தெரியும்.

எனக்கு ஆச்சரியம் தந்தது இந்த இடம்தான். வெள்ளத்துக்குப் பிறகு புதிதாக வாங்கியவற்றையும் தப்பித்தவற்றையும் வைத்து நான் போட்ட கணக்கில், புது பிரிட்ஜ் 27,000 ரூபாய். அதே சமையலறையில் இருந்த பாத்திரம், குக்கர், மிக்சி, கிரைண்டர், அடுப்பு, டப்பா வகைகள் 61,000 ரூபாய்! சர்வேயரிடம் நான் பிரிட்ஜைத்தான் முதலில் சொன்னேன். மற்றவற்றில் பாதியைச் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வெளியே ஒரு காப்பி

பைலை சேவ் செய்யும்போது பாஸ்வேர்டு கொடுப்பது நல்லது. உங்கள் வீட்டில் எங்கே என்ன இருக்கிறது என்ற முழு விவரமும் இதில் இருக்கிறதே! எக்ஸெலில் பைல், இன்போ, 'புரொடெக்ட் ஒர்க்புக்', 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு' என்று செல்லுங்கள். கால்க்கில் 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போது வரும் விண்டோவில் 'சேவ் வித் பாஸ்வேர்டு' என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். பாஸ்வேர்டை மறந்தால் பைல் போனதுதான். எங்காவது எழுதி வையுங்கள். வங்கிக் கணக்கு எண், லாக்கர் சாவி இருக்கும் இடம் போன்றவற்றை இந்தப் பைலில் எழுதவே வேண்டாம்.

பிறகு கூகுள் டிரைவில் உங்கள் ஜிமெயில் கணக்கால் நுழைந்து, 'நியூ' பட்டனை அழுத்தி, 'போல்டர் அப்லோட்' தேர்ந்தெடுத்து, 'வீட்டுப் பட்டியல்' போல்டரை முழுவதுமாக ஏற்றிவிடுங்கள். இலவச இடம் 15 ஜி.பி. ஆனால் உங்கள் ஜிமெயில், கூகுள் போட்டோஸ் எல்லாம் சேர்த்துத்தான் இந்த 15. போட்டோக்களுக்கு இது தாராளம். வீடியோக்கள்தான் இடத்தை அடைக்கும். ஷேர் செய்ய வேண்டுமானால் குடும்பத்தில் ஒருவரின் மெயில் முகவரியை மட்டும் சேருங்கள். 'லிங்க் வைத்திருக்கும் எவரும்' என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இணையத்தை நம்ப மனம் வராதவர்களுக்கு பென் டிரைவ் இருக்கிறது. ஆனால் அதை உங்கள் பீரோவில் வைத்தால் என் சி.பி.யு. கதைதான். நான் ஒன்றை விழுப்புரத்தில் அக்கா வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். அக்காவின் பென் டிரைவ் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொள்கிறோம். பாஸ்வேர்டும் அக்காவுக்குத் தெரியும்.

தண்ணீர் வந்துவிட்டால்

துடைப்பத்தை எடுக்கும் முன் செல்போனை எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி ஒவ்வொரு அறையையும் படம் பிடியுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லி, அவர்கள் தரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். க்ளெய்ம் படிவத்தை நஷ்டம் தெரிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். சர்வேயர் பார்க்கும் வரை நனைந்த பொருளை வெளியே எறியாதீர்கள். மொட்டை மாடியிலோ வாசலிலோ போட்டு வையுங்கள். நாற்றம் தாங்காமல் எறியத்தான் வேண்டும் என்றால், அதற்கு முன்பு கம்பெனியிடம் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் படம் எடுத்துவிட்டு எறியுங்கள்.

வேறு ஏதாவது கம்ப்யூட்டரிலோ போனிலோ டிரைவைத் திறந்து பட்டியலை எடுங்கள். கடைசியில் 'சேதம்' என்று ஒரு நெட்டு வரிசை சேர்த்து, பாழான பொருட்களுக்கு எதிரே 'ஆம்' என்று எழுதுங்கள். பில்டர் போட்டு 'ஆம்' மட்டும் வைத்துக்கொண்டு பிரிண்ட் எடுத்தால் சர்வேயர் கேட்கும் லிஸ்ட் தயார். பிரிண்ட் எடுக்கும்போது தாளை 'லேண்ட்ஸ்கேப்' ஆக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் விலை வரிசை மட்டும் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும்.

முழு வேலைக்கும் எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முதல் ஞாயிறு போட்டோ, அடுத்த ஞாயிறு டைப்பிங். அதன் பிறகு புதுப் பொருள் வாங்கும் அன்று ஒரு வரி சேர்க்கிறேன். சேவ் செய்யும்போது பைல் பெயரோடு மாதத்தையும் ஆண்டையும் போடுவதால் எது புதியது என்று குழப்பம் வருவதில்லை.

எங்கள் பட்டியலில் 'மாடிப்படிக்கு அடியில்' என்று ஒரு தனி அறை இருக்கிறது. மனைவி சேர்க்கச் சொன்னது. அதில் இப்போதைக்கு மூன்றே வரிகள்: பழைய சைக்கிள், பெயிண்ட் ஏணி, காலி அட்டைப் பெட்டி. புதிதாக வாங்க ஆரம்பித்திருக்கும் கொலு பொம்மைகள் 'மாடி' என்ற போல்டரில், தனித்தனி போட்டோக்களோடு இருக்கின்றன. இதுவரை ஐந்து.